எட்டாத எட்டு: வெல்ஸ் ஃபார்கோ கிளைகளில் நடந்தது என்ன?

காலை 11 மணி. பிற்பகல் 1 மணி. 3 மணி. மாலை 5 மணி. தினமும் இந்த நான்கு வேளையும் மாவட்ட மேலாளர்கள் ஒவ்வொரு கிளையின் விற்பனைக் கணக்கையும், ஒவ்வொரு ஊழியரின் விற்பனைக் கணக்கையும் எடுத்துவைத்துப் பேசினார்கள். 2015 மே மாதம் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி மீது லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் சட்டத்துறை தொடுத்த வழக்கின் மனுவில் இப்படி ஒரு வரி இருக்கிறது. அந்த மனுவில் இதைவிடப் பெரிய குற்றச்சாட்டுகள் எத்தனையோ உண்டு. ஆனாலும் எனக்கு அதிகம் உறைத்தது இந்த நான்கு மணிகள்தான். நானும் பல வருடம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். பதினொரு மணிக்குக் கிளையில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று தெரியும். முதல் வரிசை அப்போதுதான் கரையத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் போன் செய்து "இதுவரை எத்தனை?" என்று கேட்டால், அதற்கு அப்புறம் எதிரே வந்து நிற்கும் மனிதர் மனிதராகவே தெரியமாட்டார். ஒன்று, இரண்டு என்று எண்ணாகத்தான் தெரிவார்.

இது அந்த வங்கியின் கதை. அதாவது, 2016 செப்டம்பர் 8 அன்று 18.5 கோடி டாலர் அபராதத்தோடு வெளியே வெடித்த போலிக் கணக்கு விவகாரம். அபராதத்தில் 10 கோடி நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்கு, 3.5 கோடி தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் ஓசிசிக்கு, 5 கோடி லாஸ் ஏஞ்சலிஸ் தரப்புக்கு. வாடிக்கையாளருக்குத் தெரியாமலே திறக்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டவை சுமார் 15 லட்சம் வைப்புக் கணக்குகள், 5.65 லட்சம் கிரெடிட் கார்டு விண்ணப்பங்கள். அடுத்த ஆண்டு, 2009 முதல் 2016 வரையிலான காலத்தைத் திரும்ப ஆராய்ந்தபோது மொத்தம் 35 லட்சம் வரை போனது. ஐந்து ஆண்டுகளில் வேலை இழந்த ஊழியர்கள் சுமார் 5,300 பேர்.

இந்த விவகாரத்தைப் பலரும் மேலிருந்து கீழே பார்த்து எழுதியிருக்கிறார்கள்: தலைமைச் செயல் அதிகாரி, இயக்குநர் குழு, பங்கு விலை. நான் கவுன்ட்டரில் இருந்து மேலே பார்க்க விரும்புகிறேன். ஏனென்றால் தப்பு நடந்த இடம் கவுன்ட்டர். ஆனால் அந்தத் தப்பு பிறந்த இடம் அது இல்லை.

ஒரு நோட்டு குறைந்தால்

வங்கிக் கிளையில் வேலை பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கிளையில் எல்லாமே எண்ணிப் பார்க்கப்படும். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டும் ஒருவர் கையில் இருக்காது. ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது கணக்கில் ஏறும். சாயங்காலம் கதவை அடைத்த பிறகு கேஷ் டேலி ஆக வேண்டும். டிராயரில் இருக்கும் பணமும் கணினி சொல்லும் பணமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒருநாள் எனக்கு ஒரே ஒரு நோட்டு குறைந்தது. கட்டுகளைப் பிரித்து மறுபடி எண்ணினேன். இன்னொருவர் எண்ணினார். அன்றைய சலான்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். டிராயரைக் கழற்றி அதன் பின்பக்கம் கைவிட்டுப் பார்த்தோம். இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு போயிருக்குமோ என்று, பெரிய தொகை வாங்கிப் போனவர்களை நினைவுபடுத்திப் பார்த்தோம். மேலாளர் தன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கடைசியில் அது ஒரு சலானுக்குள் மடிந்து கிடந்தது. சலானோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்திருந்தேன். அது கிடைக்கிற வரைக்கும் அங்கே ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. யாரும் யாரையும் திட்டவும் இல்லை. ஒரு நோட்டுக்காக ஆறு பேர் இருட்டும் வரை உட்கார்ந்திருப்பது அங்கே இயல்பு.

இவ்வளவு கவனமுள்ள தொழிலில்தான் லட்சக்கணக்கான கணக்குகள் யாரும் கேட்காமலே முளைத்தன. இது எப்படி முடிந்தது என்று முதலில் எனக்கும் புரியவில்லை. படிக்கப் படிக்கத்தான் விளங்கியது. பணத்துக்கு டேலி இருந்தது. வாடிக்கையாளரின் சம்மதத்துக்கு டேலி இல்லை. "இன்று திறந்த பத்துக் கணக்குகளில் எத்தனை பேர் உண்மையில் கேட்டு வாங்கினார்கள்?" என்று சாயங்காலம் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணப்பட்டது பத்து என்ற எண் மட்டும்தான்.

எட்டு வந்த வழி

1998-ல் மினியாபொலிஸைச் சேர்ந்த நார்வெஸ்ட் வங்கியும் சான் பிரான்சிஸ்கோவின் வெல்ஸ் ஃபார்கோவும் இணைந்தன. 1852-ல் தொடங்கிய பழைய பெயர் நிலைத்தது. ஆனால் தலைமையும் தொழில் முறையும் நார்வெஸ்டில் இருந்து வந்தன. ரிச்சர்ட் கோவாசெவிச் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். வங்கிக் கிளையை அவர் 'கடை' என்றே அழைத்தார். வங்கியின் ஆவணங்களிலும் கிளைக்கு அதுதான் பெயர். கடை என்றால் சரக்கு விற்க வேண்டும். ஏற்கெனவே ஒரு கணக்கு வைத்திருப்பவரிடம் டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, சேமிப்புக் கணக்கு, இணைய வங்கி, வீட்டுக்கடன் என்று அடுத்தடுத்து விற்பதுதான் கிராஸ் செல்லிங். ஒரு குடும்பத்துக்கு எட்டு என்பது இலக்கு.

ஏன் எட்டு? ஆங்கிலத்தில் 'எய்ட்' என்பது 'கிரேட்' என்பதோடு ஒலி ஒத்துப்போகிறது, அதனால்தான். இதைச் சொன்னது வெளியாள் இல்லை. பின்னாளில் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜான் ஸ்டம்ப் 2010-க்கான ஆண்டறிக்கையில் அவரே எழுதிய விளக்கம் அது. ஒரு குடும்பத்துக்கு எத்தனை வங்கிச் சேவை உண்மையில் தேவைப்படும் என்று கணக்குப் போட்டு வந்த எண் இல்லை. ஓசைக்காக வந்த எண். எத்தனையோ ஆண்டு துரத்தியும் வங்கியின் சராசரி ஆறைச் சற்றுத் தாண்டியதோடு நின்றது. அதிலும் எத்தனை நிஜம் என்பது இன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

நமக்குத் தமிழில் எட்டு என்றால் எண்ணும்தான், கைக்கு எட்டுவதும்தான். இந்த எட்டு எட்டவில்லை. எட்டாது என்பது வங்கிக்கு உள்ளேயே தெரியும். 2017 ஏப்ரலில் இயக்குநர் குழுவின் சுயேச்சை உறுப்பினர்கள் ஒரு விசாரணை அறிக்கையை வெளியிட்டார்கள். இந்த விவகாரத்தில் நான் அதிகம் நம்பிப் படித்த ஆவணம் அதுதான். அதில் ஒரு செய்தி. மண்டலங்களுக்கு ஆண்டுதோறும் அனுப்பப்பட்ட விற்பனைத் திட்டத்துக்கு உள்ளே 'ஐம்பதுக்கு ஐம்பது திட்டம்' என்று பெயர் இருந்ததாம். பாதி மண்டலங்களால்தான் அதை எட்ட முடியும் என்பது போடும்போதே தெரியும் என்று அர்த்தம். மீதிப் பாதி தோற்கும். தோற்ற மண்டலத்தின் மேலாளர் மாவட்ட மேலாளரை நெருக்குவார், அவர் கிளை மேலாளரை நெருக்குவார், கிளை மேலாளருக்கு நெருக்குவதற்குக் கவுன்ட்டரில் இருப்பவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. கவுன்ட்டரில் இருப்பவருக்கோ வாடிக்கையாளரைத் தவிர யாரும் இல்லை.

தினமும் ஒரு தரவரிசைப் பட்டியல் வரும். 'மோட்டிவேட்டர்' என்று அதற்குப் பெயர். எந்த மண்டலம் முதலில், எது கடைசியில் என்று எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். பட்டியலில் கடைசியாக இருப்பது என்ன வலி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மதிய வேளையில் நம் பெயர் கீழே இருந்தால், அன்றைக்கு எவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாலும் அது ஒன்றும் செய்யாத நாள்தான்.

ஜனவரி

ஜனவரி மாதம்தான் மிகக் கொடுமை. 'ஜனவரிக்குள் குதிப்போம்' என்ற பெயரில் 2003-ல் தொடங்கிய விற்பனை இயக்கம் 2013 வரை ஒவ்வோர் ஆண்டும் நடந்தது. அந்த மாதத்தின் தினசரி இலக்கு மற்ற மாதங்களைவிட அதிகம். டிசம்பரிலேயே ஊழியர்கள் நண்பர்கள், சொந்தக்காரர்கள் பெயர்களை எழுதிப் பட்டியல் தயாரிக்கத் தூண்டப்பட்டார்கள். டிசம்பர் கடைசியில் உண்மையாகவே கணக்கு வேண்டும் என்று வந்தவரின் விண்ணப்பத்தை ஒதுக்கிவைத்து, ஜனவரிக் கணக்கில் ஏற்றும் வழக்கமும் இருந்ததாக நகர வழக்கு சொல்கிறது. கிளைக்கு உள்ளே இதற்கு 'மணல் மூட்டை' என்று ஒரு பெயர்கூட இருந்தது. கேட்டவருக்குக் கொடுக்காமல் நிறுத்துவது, கேட்காதவருக்குத் திறப்பது என இரண்டுமே ஒரே இலக்கால் வந்தவை.

அறிக்கையில் ஒரு காட்சியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் மூடிவைத்தேன். ஒரு பகுதியில் ஜனவரி இயக்கத்தின்போது மாவட்ட மேலாளர்கள் விதவிதமான வேடமணிந்து வரிசைகட்டி நிற்பார்களாம். மேலாளர்கள் ஒவ்வொருவராக அந்த வரிசை நெடுக ஓடிப்போய், வெள்ளைப் பலகையில் தங்கள் விற்பனை எண்ணைச் சொல்ல வேண்டும். கைதட்டல் இருந்திருக்கும், சிரிப்பும் இருந்திருக்கும். எண் குறைவாக வைத்திருந்தவர் அந்த வரிசையின் நடுவே எப்படி ஓடியிருப்பார் என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அவர் தன் கிளைக்குப் போய் என்ன பேசியிருப்பார்?

ஒரு கணக்கு முளைத்த விதம்

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். புதிய கணக்கு திறந்தால் மட்டும் ஊழியருக்கு விற்பனைக் கணக்கு ஏறிவிடாது. அதில் பணம் விழ வேண்டும். அப்போதுதான் அது உயிருள்ள கணக்கு. ஆக, வாடிக்கையாளரின் பழைய கணக்கில் இருந்து ஒரு சிறு தொகை அவருக்குத் தெரியாமல் புதுக் கணக்குக்கு மாற்றப்படும். சில நாள் கழித்துத் திரும்ப வந்துவிடும். பாவனையாகப் பணம் போடுவது.

திரும்பத்தான் வந்துவிடுகிறதே என்று தோன்றலாம். அந்தச் சில நாட்களில்தான் ஆபத்து. பழைய கணக்கில் இருப்பு விளிம்பில் இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எழுதிய காசோலை அன்றைக்கு வருகிறது. இருக்க வேண்டிய பணம் இல்லை. ஓவர்டிராஃப்ட் கட்டணம் விழுகிறது. அவர் கிளைக்கு வந்து கேட்டால், திரையில் அவர் பெயரிலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. தான் திறக்கவில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. முதல் கணக்கெடுப்பில் இப்படி ஏதோ ஒரு கட்டணம் விழுந்த வைப்புக் கணக்குகள் சுமார் 85,000, மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். பெரிய வங்கிக்கு இது ஒன்றுமே இல்லாத தொகை. விளிம்பில் வாழ்பவருக்கு அந்த ஒரு கட்டணம் ஒரு மாதத்தையே கலைத்துப் போடும்.

மற்ற வழிகளும் இருந்தன. வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் ஏடிஎம் கார்டு எடுத்து, அதற்கான ரகசிய எண்ணை (PIN) ஊழியரே போட்டு, அதை வைத்து இணைய வங்கியில் அவர் போலவே பதிவு செய்வது ஒன்று. பதிவுக்கு மின்னஞ்சல் வேண்டுமே என்று பெயரில்லாதவர் என்று பொருள்படும் ஒரு போலி முகவரியைக் கொடுப்பது இன்னொன்று. இது வாங்கினால்தான் அது கிடைக்கும் என்று பொய் சொல்லிச் சேர்த்து விற்பதும் உண்டு. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை மாற்றிவிடும் வேலையும் நடந்தது. சேவை எப்படி இருந்தது என்று வங்கி போன் செய்து கேட்கும் கருத்துக் கணிப்பில் அவர் அகப்படாமல் இருக்க வேண்டுமே, அதற்காக.

இதைச் செய்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த விவரங்களை வைத்து அவரையே ஏமாற்றுவது, கவுன்ட்டரில் இருப்பவர் செய்யக்கூடியதிலேயே மோசமான செயல். ஆனால் செய்தவர் யார், எதற்காக என்று கேட்காமல் ஒரு ஆய்வும் முழுமையாகாது. இங்கே யாரும் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடவில்லை. பெரும்பாலோருக்குக் கிடைத்தது வேலை இன்னும் ஒரு மாதம் தப்பியது என்பதுதான். கிளைகளில் வேலை செய்தவர்களின் ஆண்டு வெளியேற்ற விகிதம் 2011 முதல் 2015 வரை ஒருபோதும் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. 2012 அக்டோபரோடு முடிந்த ஆண்டில் 41 சதவீதத்தைத் தொட்டது. பத்துப் பேர் உள்ள கிளையில் வருடத்துக்கு மூன்று நான்கு பேர் போய்க்கொண்டே இருந்தால், அங்கே யாருக்கு வாடிக்கையாளரின் முகம் தெரியும்? யார் புதியவரிடம் "இதை மட்டும் செய்யாதே" என்று சொல்வார்கள்? தப்பு செய்ய மறுத்தவர்களில் பலர் அந்த வெளியேறியவர்களில்தான் இருந்தார்கள். அவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் நல்லவர்களாகப் பதிவாகவில்லை. இலக்கை எட்டாதவர்களாகப் பதிவானார்கள்.

எழுதி வைத்திருந்தார்கள்

இந்த விவகாரத்தில் என்னை அதிகம் கோபப்படுத்துவது போலிக் கணக்குகள் அல்ல. அவை தெரிந்திருந்தன என்பதுதான்.

2002-லேயே கொலராடோவில் ஒரு கிளை. ஒரு விற்பனை இயக்கத்தின்போது கிட்டத்தட்ட கிளை முழுவதும் சேர்ந்து வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் டெபிட் கார்டுகளைக் கொடுத்தது. ஒரு ஊழியர் தப்பு செய்தால் ஆளைப் பார்க்கலாம். கிளையே செய்தால் காற்றைப் பார்க்க வேண்டும்.

2004 ஆகஸ்டில் வங்கியின் உள் விசாரணைப் பிரிவு ஒரு குறிப்பு எழுதியது. விற்பனை எண்ணைப் போலியாக ஏற்றிய வழக்குகள் 2000-ல் 63 இருந்தன, 2004-ல் 680 ஆகும் என்று மதிப்பிட்டது. ஊழியர்கள் ஏமாற்றாமல் இலக்கை எட்ட முடியாது என்று நினைக்கிறார்கள், வேலை போய்விடும் என்ற பயம்தான் ஏமாற்றத் தூண்டுகிறது என்று அந்தக் குறிப்பு தெளிவாகச் சொன்னது. வேறு வங்கிகள் விற்பனை இலக்குகளைக் குறைத்தும் நீக்கியும் வருவதைச் சுட்டிக்காட்டி, வெல்ஸ் ஃபார்கோவும் ஊழியர்களுக்கான இலக்குகளைக் குறைக்க அல்லது நீக்க வேண்டும், இலக்கை எட்டாவிட்டால் வேலை போகும் என்ற மிரட்டலை எடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. யார் எழுதினாலும், இதைவிடத் தெளிவாக ஒரு எச்சரிக்கையை எழுத முடியாது.

என்ன நடந்தது? இலக்கு ஏறிக்கொண்டே போனது. எண்ணிலேயே இன்னொரு அறிகுறி தெரிந்தது: புதிதாகத் திறந்த கணக்குகளில் உண்மையாகப் பணம் போடப்பட்ட விகிதம், இலக்கு இறுகிய ஆண்டுகளில் சரிந்துகொண்டே வந்தது, இலக்கு தளர்ந்தபோது ஏறியது. ஒரு கணக்கை விரும்பித் திறந்தவர் அதில் பணம் போடுவார். விரும்பாதவர் போடமாட்டார். அதாவது, சம்மதத்தின் டேலி அந்த ஒரு எண்ணுக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்திருந்தால் போதும்.

தலைமை பார்த்த விதம் வேறு. கம்யூனிட்டி பேங்க் என்ற கிளைப் பிரிவின் தலைவர் கேரி டோல்ஸ்டெட். விற்பனை முறையை மாற்ற வேண்டும் என்று கீழிருந்தும் பக்கத்தில் இருந்தும் வந்த குரல்களை அவர் ஏற்கவில்லை என்கிறது அறிக்கை. ஒவ்வொரு பிரிவும் 'உன் சொந்தக் கடை போல நடத்து' என்ற கொள்கையில் தனித்தனியாக இயங்கியதால், தலைமையகத்தின் இடர் மேலாண்மையும் மனிதவளமும் சட்டப் பிரிவும் ஆளுக்கு ஒரு துண்டை மட்டும் பார்த்தன. ஊழியர் தப்பு செய்தார், நீக்கினோம், கோப்பு முடிந்தது. ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் கோப்புகள் இப்படி முடிந்தன. சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளைத் தேடும் கண்காணிப்பு வந்தபோதுகூட, மிக மிக அதிகமாகச் சந்தேகம் காட்டிய 0.01 சதவீதம் பேரை மட்டும், பின்னர் 0.05 சதவீதம் பேரை மட்டும் விசாரிக்கும்படி வரம்பு வைக்கப்பட்டது. வலையின் கண்ணை அவ்வளவு பெரிதாக வைத்துவிட்டு, மீன் குறைவு என்று சொன்னார்கள்.

பணிநீக்கம் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பணிநீக்கமும் ஒரு செய்தி. ஆயிரம் பேரை நீக்கிய பிறகு, 1,001-வது ஆளும் அதே தப்பைச் செய்தால், ஆளைத் தேர்ந்தெடுத்ததில் கோளாறு என்று இன்னும் நம்ப முடியுமா?

வெளியே வந்த கதை

2013 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் முப்பது பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நிருபர் ஸ்காட் ரெக்கார்ட் அதைச் சின்னச் செய்தியாக எழுதினார். அதைப் பார்த்துவிட்டு வேலையில் இருந்தவர்களும் இழந்தவர்களும் அவரைத் தொடர்புகொண்டார்கள். டிசம்பரில் விரிவான கட்டுரை வந்தது. அதைத் தொடர்ந்துதான் நகர வழக்கறிஞர் மைக் ஃபியூயரின் அலுவலகம் விசாரிக்கத் தொடங்கியது, 2015 மே மாதம் வழக்கு. அதே மாதம் இயக்குநர் குழுவின் இடர் பிரிவுக்கு நீக்கப்பட்டவர்கள் 230 பேர் என்று சொல்லப்பட்டது. 5,300 என்ற எண் குழு உறுப்பினர்களுக்கே செப்டம்பர் 2016-ல்தான் தெரியவந்தது.

2016 செப்டம்பர் 20, செனட் குழு முன்னால் ஸ்டம்ப் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டார், பொறுப்பேற்பதாகச் சொன்னார். அதேசமயம் பெரும்பாலான ஊழியர்கள் நேர்மையானவர்கள், சிறு பகுதியினர்தான் தவறு செய்தார்கள் என்ற வாதத்தையும் விடவில்லை. பதவி விலகுங்கள் என்று செனட்டர் எலிசபெத் வாரன் நேராகவே சொன்னார். அக்டோபர் 12 அன்று ஸ்டம்ப் விலகினார்.

அதன் பிறகு வந்தவை சட்டப்படியான கணக்குத் தீர்ப்புகள். ஸ்டம்ப் திருப்பிக் கொடுத்ததும் இழந்ததும் சேர்த்து சுமார் 6.9 கோடி டாலர், டோல்ஸ்டெட்டுக்குச் சுமார் 6.7 கோடி. 2018 பிப்ரவரியில் ஃபெடரல் ரிசர்வ், வங்கியின் சொத்து 2017 இறுதியில் இருந்த 1.95 லட்சம் கோடி டாலரைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. அது 2025 ஜூன் மாதம்தான் நீங்கியது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் வளரக் கூடாது என்பது, எந்த அபராதத்தையும்விட வங்கியை வலிக்கச் செய்த தண்டனை என்று நினைக்கிறேன். 2020 பிப்ரவரியில் நீதித்துறையுடனும் பங்குச் சந்தை ஆணையத்துடனும் 300 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. டோல்ஸ்டெட் 2023-ல் வங்கித் தணிக்கைக்கு இடையூறு செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் ஒரு லட்சம் டாலர் அபராதமும் பெற்றார். சிறை இல்லை.

கவுன்ட்டரின் பக்கம்

இத்தனை கோடிகளுக்கு நடுவே கவுன்ட்டரில் இருந்தவர்களைப் பற்றி இருப்பது சில வரிகள்தான். இதெல்லாம் வெளியே வருவதற்கு முன்பே மேலிடத்துக்குப் புகார் கொடுத்தவர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் மேலாளராக இருந்த ஒருவர் மோசடி நடப்பதாகச் சந்தேகப்பட்டதை மேலதிகாரிகளுக்கும் நெறிமுறைப் புகார் எண்ணுக்கும் சொன்னார். 2010-ல் வேலை போனது. 2017 ஏப்ரலில்தான் தொழிலாளர் பாதுகாப்புத் துறை, அவரை மறுபடி வேலையில் சேர்த்து சுமார் 54 லட்சம் டாலர் கொடுக்க உத்தரவிட்டது. ஏழு வருடம். புகார் எண் என்று சுவரில் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. அதில் பேசியவர் மறுநாளும் வேலைக்கு வருகிறாரா என்று கிளையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் வரவில்லை என்றால் அப்புறம் யாரும் அந்த எண்ணை அழைக்கமாட்டார்கள்.

இலக்கே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. கிளை தன் செலவுக்குச் சம்பாதிக்க வேண்டும். ஆனால் எண்ணுகிற பொருள் மாற வேண்டும். திறந்த கணக்கை எண்ணுவதற்குப் பதிலாக, மூன்று மாதம் கழித்தும் வாடிக்கையாளர் விரும்பிப் பயன்படுத்தும் கணக்கை எண்ணலாம். கணக்கு திறந்த உடனே வாடிக்கையாளரின் பழைய எண்ணுக்கே ஒரு செய்தி போகலாம். தொலைபேசி எண்ணை மாற்றினால் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் தகவல் போக வேண்டும், அதை மாற்றியவரும் கணக்கைத் திறந்தவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பெட்டகத்துக்கு இரண்டு சாவி வைத்த தொழிலுக்கு இதெல்லாம் புதிய யோசனையே இல்லை. ஒரு நோட்டுக்குச் செய்வதை ஒரு மனிதரின் சம்மதத்துக்கும் செய்தால் போதும்.

வெல்ஸ் ஃபார்கோ தன் கிளை ஊழியர்களுக்கான பொருள் விற்பனை இலக்குகளை முற்றிலும் நீக்கியது. முதலில் 2017 ஜனவரி 1 முதல் என்று அறிவித்து, பிறகு மூன்று மாதம் முன்னால் கொண்டுவந்தார்கள். 2004 ஆகஸ்டில் உள் விசாரணைப் பிரிவு எழுதிக் கொடுத்த பரிந்துரை நடைமுறைக்கு வந்த தேதி 2016 அக்டோபர் 1.